வலியின் சாட்சியம்

1

அநீதி முட்டாள்களிடமிருந்தும் அயோக்கியர்களிடமிருந்தும்தான் வருகிறது என்று நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறது. நாம் இரண்டு வகையிலும் சேராதவர்கள் என்பது உள்ளூர நம் தீர்மானம். 1692இல் மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தில், ஸேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், நண்பர்கள் ஒரு சிரிப்போடு அதைக் கடந்துவிடுகிறார்கள். (எபிரேயத்தில் சமாதானத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் சேலத்துக்கும் அதற்கும் ஓசையைத் தவிர உறவில்லை.) அறியாமைக் காலம், மதவெறி, முடிந்தது விஷயம்.

ஆர்தர் மில்லரின் 1953ஆம் வருஷத்து நாடகத்தைப் படித்தவர்களுக்கு இன்னொரு வசதி கிடைக்கிறது. அதில் ஒரு கள்ளக் காதலும் அதன் வஞ்சமும் காரணமாக வந்து நிற்கின்றன. காரணம் கிடைத்ததும் மனசு ஆறுகிறது. உண்மையில் அபிகெயில் வில்லியம்ஸுக்கு அப்போது 11 வயது. ஜான் ப்ராக்டர் அறுபதை ஒட்டியவர். நாடகாசிரியனுக்குத் தன் தேவைக்கேற்ப மாற்ற உரிமை உண்டு. ஆனால் நாடகத்தை மூடிவிட்டு வழக்கின் பதிவுகளுக்குப் போகிறவனுக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை.

தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன் ஹார்வர்டில் படித்தவர், ஆக்ஸ்போர்டில் இருந்தவர், இறையியல் பயின்றவர். கூட அமர்ந்தவர்களில் ஒருவரான ஸாமுவேல் ஸ்யூவலும் ஹார்வர்டுக்காரர். சாட்சியம் என்றால் என்ன, எது அனுமானம், எது நிரூபணம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றைப் பகுத்துச் சொல்லும் கைநூல்கள் இங்கிலாந்தில் அச்சாகியிருந்தன. முன்தீர்ப்புகளையும் தேடிப் படித்தார்கள். இப்படிப்பட்டவர்கள் அந்த ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். 14 பெண்கள், 5 ஆண்கள். சிறையில் குறைந்தது ஐவர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150க்கும் மேல்.

என் கேள்வி இவர்கள் ஏன் பேயை நம்பினார்கள் என்பதல்ல. அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். தவற்றைக் கண்டு தடுத்தவர்களும் நம்பினார்கள். அப்படியானால் தவறு எந்த இடத்தில் நிகழ்ந்தது?

2

ஸேலம் கிராமத்துப் பாதிரியார் ஸாமுவேல் பாரிஸ் வீட்டில், அவருடைய 9 வயது மகளுக்கும் அபிகெயிலுக்கும் அந்த ஜனவரியில் வலிப்புப் போல ஏதோ கண்டது. உடம்பை முறுக்கிக்கொண்டார்கள், அலறினார்கள், தங்களைக் கிள்ளுவதாகவும் கடிப்பதாகவும் சொன்னார்கள். பிறகு வேறு வீட்டுச் சிறுமிகளுக்கும் பெண்களுக்கும் அது பரவியது. யார் உங்களைத் துன்புறுத்துவது என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 'யார்' என்ற அந்தச் சொல்லிலேயே பாதித் தீர்ப்பு அடங்கியிருந்தது. சிறுமிகள் பெயர் சொன்னார்கள்.

இங்கேதான் நிழலுருச் சாட்சியம் வருகிறது. சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருத்தி தன் உருவத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவனுக்கு அனுமதி தருகிறாள். அவள் உடம்பு வீட்டில் நூல் நூற்றுக்கொண்டிருக்க, அவள் உரு போய் இன்னொருத்தியின் கழுத்தை நெரிக்கிறது. நெரிக்கப்படுகிறவளுக்கு மட்டுமே அந்த உரு தெரியும் - இது கொள்கை. நீதிமன்றத்துக்குள் இந்தக் கொள்கை நுழைந்ததும் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவன் சாதாரணமாகச் சொல்லக்கூடிய முதல் பதில், 'நான் அப்போது அங்கே இல்லை' என்பது. உலகத்துச் சட்டங்கள் எல்லாவற்றிலும் இதற்கு மரியாதை உண்டு. நிழலுருச் சாட்சியம் இந்தப் பதிலைப் பொய்யாக்குவதில்லை, தேவையற்றதாக்கிவிடுகிறது. நீ அங்கே இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். உன் உரு இருந்தது. அதை நாங்களும் பார்க்கவில்லை, நீயும் பார்த்திருக்க முடியாது, வலிக்கிறவள் பார்த்தாள். அவள் வலி உண்மையில்லையா? பார், துடிக்கிறாள்.

ரிபெக்கா நர்ஸ் 71 வயதுக்காரி. சபையில் மதிப்புள்ளவள், நோயாளி, காது மந்தம். விசாரணையில் அவள் கழுத்தை ஒருபக்கம் சாய்த்தபோது ஒரு பெண்ணின் கழுத்தும் அப்படியே சாய்ந்து நின்றது. இத்தனை பேர் அழும்போது உன் கண் உலர்ந்திருக்கிறதே என்று மாஜிஸ்ட்ரேட் ஹாத்தார்ன் கேட்டார். என் மனதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்கிற பொருளில் அவள் பதில் சொன்னாள். சாத்தான் என் உருவில் தோன்றினால் நான் என்ன செய்ய முடியும் என்றும் கேட்டாள். அழுதிருந்தால் வேஷம் என்றிருப்பார்கள். அழாததால் கல்நெஞ்சம். அவள் தலை சாய்ப்பதும் சாட்சியம், சாய்க்காமல் இருப்பதும் சாட்சியம்.

ஜூன் இறுதியில் ஜூரிகள் அவளைக் குற்றமற்றவள் என்றுதான் முதலில் சொன்னார்கள். கூடத்தில் சிறுமிகள் அலறினார்கள். ஸ்டோட்டன் ஒன்றை நினைவூட்டினார். ஏற்கனவே சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சாட்சி சொல்ல அழைத்து வந்தபோது, இவளும் எங்களில் ஒருத்திதானே என்று ரிபெக்கா சொல்லியிருந்தாள். ஜூரிகள் மீண்டும் கூடினார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று அவளையே கேட்டார்கள். காது கேட்காமலும் துக்கத்திலும் அவள் பேசாமல் நின்றாள். மௌனம் போதுமானதாயிற்று. கூடச் சிறையிலிருந்தவள் என்பதைத்தான் சொன்னேன் என்று அவள் பிறகு எழுதிக் கொடுத்தாள். ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஸாரா குட் வழக்கில் ஒரு பெண், ஸாராவின் உரு தன்னைக் கத்தியால் குத்தியதாகச் சொல்லி, உடைந்த அலகின் துண்டு ஒன்றைக் காட்டினாள். உடனே ஓர் இளைஞன் எழுந்து தன் கத்தியைக் காட்டினான். அது நேற்று உடைந்தது, துண்டை இவள் பார்க்கத்தான் எறிந்தேன் என்றான். இரண்டும் பொருந்தின. நீதிமன்றம் என்ன செய்தது? இனிமேல் பொய் சொல்லாதே என்று அந்தப் பெண்ணைக் கண்டித்துவிட்டு, அவள் சாட்சியத்தைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டது. 1700இல் வெளியான தன் நூலில் ராபர்ட் கேலெஃப் இதைச் சொல்கிறார். மோசடி அம்பலமானால் நம்பிக்கை கலைந்துவிடும் என்பது பகுத்தறிவாளர்களின் ஆசை. ஒரு மோசடி ஒரு மோசடி மட்டுந்தான். மீதி வலி அப்படியே இருக்கிறதே என்று மனம் சமாதானம் கண்டுவிடுகிறது.

இது ஸேலத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. 1662இல் இங்கிலாந்தின் பரி ஸெயின்ட் எட்மண்ட்ஸில், அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய நீதிமான்களில் ஒருவரான மாத்யூ ஹேல் முன்னால், இரு விதவைகள் நின்றார்கள். பீடிக்கப்பட்ட சிறுமி சூனியக்காரி தொட்டால் மட்டுமே மூடிய கையைத் திறப்பாள் என்றார்கள். கண்ணைக் கட்டிவிட்டு வேறு ஒருத்தியைத் தொடச் செய்தார்கள். கை திறந்தது. சோதித்த கனவான்கள் இது வெறும் ஏமாற்று என்றார்கள். சிறுமியின் தரப்பிலோ, சூனியக்காரி தொட்டதாக அவள் நினைத்துக்கொண்டதால்தான் திறந்தது என்று விளக்கம் வந்தது. விதவைகள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கின் விவரம் 1682இல் சிறு நூலாக அச்சாயிற்று. ஸேலத்து நீதிபதிகள் புரட்டிய முன்னுதாரணங்களில் அது ஒன்று. எதிரான சோதனையும் ஆதரவாக விளக்கப்பட்டுவிடும் என்றால், சோதனை என்ற சொல்லுக்கே பொருளில்லை.

3

தடுத்தவர்கள் எப்படித் தடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேய் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. பேய்க்கு இன்னும் கூடுதல் சக்தி உண்டு என்றார்கள். சாத்தான் வஞ்சகன், அவனால் நிரபராதியின் உருவையும் எடுக்க முடியும், ஆகவே உருவைக் கண்டதால் ஆளைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. சூசன்னா மார்ட்டின் என்ற 71 வயதுக் கிழவி விசாரணைக் கூண்டிலேயே இதைச் சொன்னாள். விவிலியத்தில் ஸாமுவேல் தீர்க்கதரிசியின் உருவில் ஒருவன் தோன்ற முடிந்ததென்றால், யாருடைய உருவிலும் தோன்றலாமே என்றாள். அந்த அறையில் அன்று பேசப்பட்ட தர்க்கங்களில் இதுவே உயர்ந்தது. அவளும் தூக்கிலிடப்பட்டாள்.

ஸ்டோட்டன் தரப்பு வாதம் வேறு: நீதியுள்ள கடவுள் ஒரு நிரபராதியின் உருவை எடுக்கச் சாத்தானை அனுமதிக்கமாட்டார். பக்தியின் உச்சமாகத் தோன்றும் இந்த வாக்கியம்தான் ஆட்களைக் கொன்றது. கடவுள் என்ன அனுமதிப்பார் என்று தனக்குத் தெரியும் என்று ஒரு மனிதன் சொல்கிற வாக்கியம் இது. எதிர்த்தரப்பின் வாக்கியத்தில் சாத்தான் பெரியவனாக இருக்கிறான், ஆனால் நீதிபதி சிறியவனாக இருக்கிறான். சந்தேகம் என்பது நம்பிக்கையின் எதிர்ப்பதம் என்று நாம் பழகிவிட்டோம். இங்கே சந்தேகம் நம்பிக்கைக்குள்ளேயே, அதன் பணிவான பாகமாக இருந்தது.

ஜூன் 15 அன்று பாஸ்டன் வட்டாரத்து மதகுருக்கள் ஓர் ஆலோசனை எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர் காட்டன் மாதர். எட்டுப் பத்திகள். நிழலுருவை நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது, மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, எட்டாவது பத்தியில், ஆனாலும் குற்றவாளிகள் மீது விரைந்த, தீவிர நடவடிக்கை வேண்டும் என்று முடித்தார்கள். நீதிமன்றம் எட்டாவது பத்தியை எடுத்துக்கொண்டது. விமர்சனம் எழுதுகிற நமக்கு 'ஆனாலும்' என்ற சொல்லின் சௌகரியம் தெரியாததல்ல. அதற்கு முன்னால் மனசாட்சிக்கு எழுதிக்கொள்ளலாம், பின்னால் அதிகாரத்துக்கு.

அக்டோபர் 3 அன்று அவருடைய தந்தை இன்க்ரீஸ் மாதர் தன் வாதத்தை மதகுருக்கள் முன் வைத்தார். ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரர்கள் தப்பிப்பது மேல் என்பது அதன் சாரம். மாத முடிவில் கவர்னர் பிப்ஸ் அந்த விசேஷ நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் கூடியபோது நிழலுருச் சாட்சியத்துக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் மூவர்தான் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டார்கள். அவர்களையும் பிப்ஸ் காப்பாற்றிவிட்டார்.

இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். முதல் நீதிமன்றம் நிழலுருச் சாட்சியத்தை மட்டுமே நம்பவில்லை என்று அதன் ஆதரவாளர்கள் வாதித்தார்கள். ஒப்புதல் வாக்குமூலங்கள் இருந்தன, பக்கத்து வீட்டாரின் பழைய புகார்கள் இருந்தன என்பது சரிதான். ஆனால் ஒரு செங்கல்லை உருவியதும் கட்டடம் விழுந்துவிட்டதே. நாலு மாதங்களில் மாஸசூஸெட்ஸ் மக்களின் நம்பிக்கை மாறிவிடவில்லை. அவர்கள் அதே பைபிளைப் படித்து அதே இருட்டுக்குப் பயந்தார்கள். நம்புவதற்கு ஒன்று, கொல்வதற்கு இன்னொன்று என்று கோடு போட்டதுதான் மாற்றம். நீதிக்கு நம் நம்பிக்கைகளைப் பறிக்க வேண்டிய அவசியமில்லை. அவற்றில் எதை இன்னொருவன் கழுத்தில் மாட்டலாம் என்பதில்தான் அதற்கு அக்கறை.

4

இங்கே ஒரு ஆட்சேபத்தைச் சந்திக்காமல் போனால் நான் சொல்வது விடலைத்தனமாகிவிடும். வலிக்கிறது என்கிறவளை நம்பாதே என்பதா ஸேலம் கற்றுத்தரும் பாடம்? மூடிய அறைக்குள் இழைக்கப்படும் கொடுமைக்கு அனுபவித்தவளைத் தவிர வேறு சாட்சி ஏது? அவள் சொல்லையும் நிழலுரு என்று ஒதுக்கினால், பலசாலிகள் எல்லோரும் ஸேலத்தின் பெயரைச் சொல்லித் தப்பிவிட மாட்டார்களா?

வித்தியாசம் இருக்கிறது. ஒரே சாட்சி என்பது குறையல்ல. இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்தக் கை இதைச் செய்தது என்று ஒருத்தி சொல்லும்போது, அவள் நம் எல்லோருக்கும் பொதுவான உலகத்தில் நின்று பேசுகிறாள். அந்த இடத்துக்குப் போகலாம், நேரத்தைக் கேட்கலாம், கைக்காரன் பதில் சொல்லலாம்; அவன் பதில் பொய்யென்று நாம் காணலாம். நிழலுருச் சாட்சியம் இந்தப் பொது உலகத்தை விட்டு வெளியே நிற்கிறது. அதை மறுக்கத்தக்க ஒரு சொல்கூடக் குற்றம் சாட்டப்பட்டவளிடம் இருக்க முடியாது. பதிலுக்கு இடம் விடுகிறதா என்பதுதான் சாட்சியத்தின் உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையா பொய்யா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

வலி தன் இருப்புக்குச் சாட்சி. தன் காரணத்துக்கு அது சாட்சியாகாது. வலிக்கிறது என்பதில் சிறுமிகள் தவறியிருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். யாரால் என்பதில் தவற முடியும். முதலாவதில் உள்ள நிச்சயம் இரண்டாவதற்கு வழிந்துவிடுகிறது; வழிகிறது என்பது வலிப்பவருக்குத் தெரிவதில்லை. கேட்கிறவனுடைய கடமை அந்த இடத்தில் தொடங்குகிறது. அவளுக்குத் தைலம் தடவ வேண்டியவர்கள் அவளிடம் பெயர் கேட்டார்கள்.

பதிலுக்கு இடமில்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வினோத விதி உருவாகியிருந்தது. ஆம், நான் சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. இல்லை என்றவர்கள் செத்தார்கள். ஸாமுவேல் வார்ட்வெல் ஒப்புக்கொண்டு, பிறகு மனம் பொறுக்காமல் மறுத்தார், செத்தார். பொய்க்கு விலை உயிர். அதாவது, பொய் சொன்னால் உயிர் கிடைக்கும். ஜைல்ஸ் கோரி என்ற கிழவர், எண்பதை ஒட்டியவர், தன் மனைவி மார்த்தாவுக்கு எதிராகவே முதலில் சாட்சி சொன்னவர். தன் முறை வந்தபோது ஜூரி விசாரணைக்குத் தன்னை ஒப்படைக்க மறுத்துவிட்டார். பேச வைப்பதற்காக மார்பின் மேல் கல் ஏற்றினார்கள். செப்டம்பர் 19 அன்று அதன் கீழேயே இறந்தார். பதிலுக்கு அர்த்தமில்லாத கேள்விக்கு அவர் கண்ட ஒரே பதில் அது. மூன்று நாள் கழித்து மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள்.

அதே நாளில் இறந்தவள் மேரி ஈஸ்டி, ரிபெக்கா நர்ஸின் தங்கை. மே மாதம் விடுவிக்கப்பட்டு, இரண்டு நாளுக்குள் மீண்டும் பிடிக்கப்பட்டவள். மரணத்துக்கு முன் அவள் எழுதிய மனுவில் தன் உயிரைக் கேட்கவில்லை. சாகப்போகிறேன் என்று தெரியும் என்கிறாள். இனி நிரபராதிகளின் ரத்தம் சிந்தக் கூடாது என்கிறாள். பீடிக்கப்பட்டவர்களைத் தனித்தனியே பிரித்துவைத்து விசாரியுங்கள் என்று வழியும் சொல்கிறாள். ஹார்வர்டும் ஆக்ஸ்போர்டும் மறந்துவிட்டிருந்த விசாரணை முறையை ஒரு குடியானவன் மனைவி சிறையிலிருந்து அவர்களுக்கு எழுதிக் காட்டுகிறாள்.

5

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தேடிப் படித்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர், எங்கள் தலைமுறைக் கவிதை பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதில் என் பெயர் இல்லை. எனக்கு வலித்தது. அந்த வலியில் பொய் இல்லை. இரண்டு நாள் தூங்கவில்லை. அந்தத் தூங்காத இரவுகளில் அவர் முகம் வந்து நின்றது - ஒரு மெல்லிய சிரிப்போடு. அந்தச் சிரிப்பை நான் கண்ணால் பார்த்தேன் என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன். பொறாமை, திட்டமிட்ட ஒதுக்கல் என்று மற்ற நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினேன். ஒரு கூட்டத்தில் அவர் என்னிடம் வந்து, நான் என்ன செய்தேன் என்று கேட்டார். உனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பேசவில்லை. பதில் இல்லை பார் என்று ஒருவர் என் காதில் சொன்னார்.

வெகுநாள் கழித்து அந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க நேர்ந்தது. என் கவிதைகள் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. இடம் போதாமல் அச்சில் உருவியிருக்கிறார்கள். 'உனக்கே தெரியும்' என்ற வாக்கியத்துக்கு ஒருவன் என்ன பதில் சொல்ல முடியும் என்று அன்றைக்கு யோசித்தேன். தெரியாது என்றால் நடிப்பு. தெரியும் என்றால் ஒப்புதல். பேசாமல் நின்றால் ரிபெக்கா நர்ஸ்.

நம்முடைய சின்ன வட்டத்தில் யாரையும் தூக்கிலிடுவதில்லை. ஆனால் எழுத்தை விட்டுவிட்டு எழுதியவனின் உள்நோக்கத்தைப் படிக்கிற நம் பழக்கத்துக்கும் நிழலுருவைப் பார்த்த கண்களுக்கும் தூரம் அதிகமில்லை. பிரதியில் என்ன இருக்கிறது என்று சொன்னால் அதற்குப் பதில் எழுதலாம். 'இவர் இதை ஏன் எழுதினார் என்று எங்களுக்குத் தெரியும்' என்பதற்குப் பதில் கிடையாது.

வழக்குகள் முடிந்த பிறகு மன்னிப்புகள் வந்தன. 12 ஜூரிகள் கையெழுத்திட்டு, இருளின் சக்திகள் தங்களை மயக்கிவிட்டன என்றார்கள். முக்கியச் சாட்சியாக இருந்த ஆன் புட்னம் 1706இல், சாத்தானின் மயக்கத்தால் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று சபையில் வாசிக்கச் செய்தாள். அவர்கள் வருந்தியதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன்பு அடுத்தவள் குற்றத்துக்குச் சாட்சியாக வந்த அதே சாத்தான் இப்போது தங்கள் குற்றத்துக்குச் சாக்காக வருகிறான். ஸ்டோட்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தண்டனை பெற்றவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த எலிசபெத் ஜான்ஸன் என்ற பெண்ணின் பெயர் துடைக்கப்பட்டது 2022இல்தான்.

ஸ்யூவல் வேறு மாதிரி. 1697 ஜனவரி 14, உபவாச நாள். பாஸ்டன் தேவாலயத்தில் தன் அறிக்கையைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு, அது வாசிக்கப்படும் நேரம் முழுக்கத் தன் இடத்தில் எழுந்து நின்றார். அதில் மயக்கம் இல்லை, சாத்தான் இல்லை. பழியும் வெட்கமும் தன்னுடையவை என்று ஏற்றிருந்தார். வாசித்து முடிந்ததும் தலை வணங்கி உட்கார்ந்தார்.

என் கடிதங்களைப் பெற்றவர்களில் மூவர் இன்னும் அந்தக் கதையை நம்புகிறார்கள். நண்பர் அதே ஊரில்தான் இருக்கிறார். இந்தப் பத்திரிகை அவருக்கும் போகிறது. இதைப் படித்தால் அவருக்குப் புரியும் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்த பிறகு, அவருக்கே தெரியும் என்று நான் மறுபடியும் சொல்வதாகப் படுகிறது. நேரில் போக வேண்டும்.